மூணு சென்ட் மக்காச்சோளம்: முதல் தடவை விதைக்கிறவர்களுக்கு

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் விதைக்கடையில் போய் "சோளம் குடுங்க" என்று கேட்டால் என்ன கிடைக்கும் என்பது கடையில் நிற்கிற பையனின் தாய்மொழியைப் பொறுத்தது. மலையாளத்தில் சோளம் என்றால் பெரும்பாலும் மக்காச்சோளம். நம்ம பேச்சில் சோளம் என்றால் மாட்டுத் தட்டுக்காக விதைக்கிற வெள்ளைச்சோளமோ செஞ்சோளமோ. அதனால் வாயைத் திறக்கும்போதே "மக்காச்சோளம்" என்று முழுசாகச் சொல்லுங்கள். தீனிக்கா, அவித்துத் தின்னவா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

நான் முதல் வருடம் சரியான விதைதான் வாங்கினேன், நட்டதுதான் தப்பு. வேலியோரமாக ஒரே வரிசையில் நாற்பது செடி நட்டேன். ஆள் உயரத்துக்கு மேலே தளதளவென்று வளர்ந்தது. தோகையை உரித்துப் பார்த்தால், கருதில், அதாவது கதிரில், இங்கே நாலு மணி, அங்கே ஏழு மணி, நடுவில் வெறும் சக்கை. பக்கத்துத் தோட்டத்து அப்பச்சி ஒரு கருதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பூந்தூளு பூராவும் ரோட்டுக்குப் போயிருச்சு கண்ணு, கருதுக்கு எங்கெ கெடைக்கும்?" என்றார். ஒற்றை வரிசையில் மக்காச்சோளம் நடக்கூடாது என்பது எனக்கு அப்படித்தான் தெரிந்தது. அதற்கப்புறம் நட்டதெல்லாம் சதுரமாகத்தான்.

இங்கே சொல்வது எல்லாம் மூணு சென்ட்டுக்கான கணக்கு. 36 அடிக்கு 36 அடி சதுரம் போட்டால் ஏறக்குறைய மூணு சென்ட் வரும். ஒரு சென்ட் மட்டும் இருந்தால் மூன்றால் வகுத்துக்கொள்ளுங்கள். அதுவும் சதுரமாக இருந்தால் நல்லது, குறைந்தது நாலு வரிசையாவது வேண்டும்.

எந்த ரகம்

கோழித்தீவனத்துக்குப் போகிற மஞ்சள் மணிக்கு வீரிய ஒட்டு ரகம். 95 முதல் 110 நாள் ஆகும். தமிழ்நாடு வேளாண் பல்கலையின் கோ எச் எம் 8 மாதிரியான ரகங்களும் உண்டு, தனியார் கம்பெனி விதைகளும் உண்டு. வீட்டுக் கோழிக்கும் மாட்டுக்கும் என்றால் இதுதான். இளசாகப் பறித்தால் சுட்டும் தின்னலாம், பழைய காலத்துச் சுவை இதில்தான் இருக்கிறது என்று சொல்கிறவர்களில் நானும் ஒருத்தன்.

அவித்துத் தின்ன, பிள்ளைகளுக்கு என்றால் இனிப்புச் சோளம், அதாவது ஸ்வீட் கார்ன். 70 முதல் 80 நாளில் பறித்துவிடலாம். இதன் விதை சுருங்கி, எடை இல்லாமல் இருக்கும். கெட்டுப்போன விதை என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், மாவுக்குப் பதிலாகச் சர்க்கரையைத் தேக்குகிற ரகம், காய்ந்தால் அப்படித்தான் சுருங்கும்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே நாளில் மட்டும் விதைக்காதீர்கள். தீனிச் சோளத்தின் மகரந்தம் இனிப்புச் சோளக் கருதில் விழுந்தால், அந்த மணி அந்த வருடமே மாவுத்தன்மையாகிவிடும். அடுத்த தோட்டத்துக்காரர் தீனிச் சோளம் போட்டிருந்தால், அவர் விதைத்த தேதியைக் கேட்டுக்கொண்டு மூன்று வாரம் முன்னேயோ பின்னேயோ போடுங்கள். இரண்டும் ஒரே சமயத்தில் பூக்காமல் இருந்தால் போதும்.

எப்போது விதைப்பது

நம் பக்கத்துக்கு மழையைவிடக் காற்றுதான் பெரிய விஷயம். மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிற பாலக்காட்டுக் கணவாயின் வாசலில் உட்கார்ந்திருக்கிறோம். ஆனி, ஆடியில் வருகிற மேற்கத்திக் காத்து வாழையையே சாய்க்கும். வைகாசியில் விதைத்தால் அந்தக் காற்றடிக்கும்போது சோளம் ஆள் உயரம் நிற்கும், ஒரே ராத்திரியில் பாய் விரித்தாற்போலப் படுத்துவிடும்.

ஆடிக் கடைசியில் விதைத்தால் காற்றடிக்கும்போது செடி முழங்காலுக்குக் கீழே இருக்கும், தப்பித்துக்கொள்ளும். தைப் பட்டத்தில் போடுகிறவர்களும் உண்டு, ஆனால் பூக்கிற நேரம் மாசி, பங்குனி வெயிலில் மாட்டும். நம் பக்கம் அந்த வெயிலில் மகரந்தம் காய்ந்தே போகும். முதல் தடவை விதைக்கிறவருக்கு நான் சொல்வது புரட்டாசி. ஐப்பசி மழையில் வளர்ந்து, கார்த்திகையில் பூத்து, தீனிச் சோளமாக இருந்தால் தை முதலில் முற்றும். அப்போது கிழக்கிலிருந்து வீசுகிற வறண்ட காற்று கருதை நின்ற நிலையிலேயே காயவைக்கும்.

தண்ணீர் விஷயத்தில் வாய்க்காலை நம்பாதீர்கள். ஆழியாற்றுத் தண்ணீர் மணக்கடவு தாண்டி மூலத்தறைக்கு வந்து நம் முறை வரும்போது செடிக்கு வேண்டிய நாளாக இருக்காது. மூணு சென்ட்டுக்கு ஒரு தடவை நன்றாகப் பாய்ச்ச ஏறக்குறைய 5,000 லிட்டர் போதும். கிணறோ போரோ இருந்தால் அரை மணி, ஒரு மணி நேர வேலை.

இடம் நாள் முழுக்க வெயில் விழுகிற இடமாக இருக்கவேண்டும். தென்னை நிழலில் மக்காச்சோளம் வேண்டாம். தட்டு வரும், கருது வராது.

மண்

எருத்தேன்பதி, வடகரப்பதி பக்கம் கரிசல், கொஞ்சம் தள்ளினால் செம்மண். இரண்டிலும் வரும். கரிசலில் ஒரே ஒரு எச்சரிக்கை: தண்ணீர் நிற்கக்கூடாது. இளஞ்செடியின் வேர் இரண்டு நாள் தண்ணீரில் நின்றால் இலை மஞ்சளாகி அப்படியே உட்கார்ந்துவிடும், அப்புறம் யூரியா போட்டும் பயனில்லை. அதனால் பாத்தி வேண்டாம், பார் பிடியுங்கள், அதாவது மண்ணை நீள மேடாக இழுத்து நடுவில் வாய்க்கால் விடுங்கள். வடிகிற பக்கம் ஒரு வாய் வெட்டிவிடுங்கள்.

விதைப்புக்கு இரண்டு வாரம் முன்னால் மண்ணை ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆழக் கொத்தி வெயிலில் போடுங்கள். மண்ணுக்குள் கிடக்கிற கூட்டுப்புழு மேலே வரும், மைனாவும் கொக்கும் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். அதற்கப்புறம் நன்றாக மக்கிய சாணிக் குப்பை 150 கிலோ, அதாவது சென்ட்டுக்கு 50 கிலோ. மக்காத குப்பை போட்டால் கரையானும் களையும்தான் வரும். கூடவே வேப்பம்புண்ணாக்கு மூணு கிலோ.

அடியுரமாக டிஏபி ஒன்றரை கிலோவும் பொட்டாஷ் ஒரு கிலோவும். ஜிங்க் சல்ஃபேட் 300 கிராம் மணலில் கலந்து தனியாகத் தூவுங்கள், டிஏபியோடு கலக்காதீர்கள், ஒன்றை ஒன்று கட்டிப்போட்டுவிடும். மக்காச்சோளத்துக்குத் துத்தநாகம் குறைந்தால் இளங்குருத்திலேயே தெரியும்: இலையின் நடு நரம்புக்கு இரண்டு பக்கமும் வெள்ளைப் பட்டை ஓடும். ரசாயன உரமே வேண்டாம் என்கிறவர்கள் குப்பையை இரண்டு மடங்காக்குங்கள், கருது கொஞ்சம் சின்னதாக இருக்கும், அவ்வளவுதான். தோட்டத்து மண்ணைச் சோதித்துப் பார்க்க ஆசையிருந்தால் பஞ்சாயத்து கிருஷி பவனில் (வேளாண்மை அலுவலகத்தில்) கேளுங்கள், வழி சொல்வார்கள்.

விதைப்பு

பாருக்குப் பார் இரண்டு அடி. செடிக்குச் செடி ஒரு சாணுக்கு ஒரு விரல் கூட, பத்து அங்குலம். 36 அடி சதுரத்தில் 18 பார், எல்லாம் சேர்த்து 750 முதல் 800 செடி. தீனி ரகத்துக்குக் கால் கிலோ விதை. குழிக்கு இரண்டு போடுவதானால் அரைக் கிலோ. இனிப்புச் சோள விதை எடை குறைவு என்பதால் அதில் பாதி போதும்.

விதை சிவப்பாகவோ பச்சையாகவோ சாயம் பூசி வரும். அது மருந்து. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், மிச்சத்தைக் கோழிக்கு வீசாதீர்கள். மருந்து பூசிய விதையை ராத்திரி ஊறவைக்கவும் வேண்டாம்.

பாரின் உச்சியில் வேண்டாம், பக்கவாட்டில் பாதி உயரத்தில் ஒன்றரை அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். ஆழம் குறைந்தால் மயில் எடுத்துவிடும், கூடினால் மூச்சு முட்டும். அன்றைக்கே தண்ணீர். நாலாம் நாள் உயிர்த்தண்ணீர். ஐந்தாறு நாளில் சுருட்டிய வெற்றிலை மாதிரி முளை எட்டிப் பார்க்கும். அந்த ஒரு வாரம் காலையிலும் சாயங்காலமும் ஆள் இருக்கவேண்டும். மயிலும் காக்காயும் முளையைப் பிடித்து இழுத்து அடியில் இருக்கிற விதையைத் தின்னும். நான் பழைய சேலையைச் சுற்றிக் கட்டி, மேலே இரண்டு வரி நூல் குறுக்கே ஓட்டிவிடுவேன்.

பன்னிரண்டு, பதினைந்தாம் நாளில் குழிக்கு ஒன்று விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளி எடுங்கள். மனசு கேட்காது. ஒரே குழியில் இரண்டு நின்றால் இரண்டிலும் கருது விரல் தண்டிதான் இருக்கும்.

பாரின் மறுபக்கம் தட்டைப்பயறோ உளுந்தோ ஊன்றலாம். அப்படிச் செய்வதானால் அட்ரசின் களைக்கொல்லி அடிக்கக்கூடாது, பயறு செத்துப்போகும். மூணு சென்ட்டுக்குக் களைக்கொல்லி எதற்கு என்பது வேறு கேள்வி.

குருத்தைப் பார்க்கும் காலம்

பத்தாம் நாளிலிருந்து நாற்பதாம் நாள் வரை உங்கள் எதிரி ஒன்றுதான்: படைப்புழு. அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி. 2018-ல் கர்நாடகத்தில் முதலில் கண்டுபிடித்தார்கள், அதே வருடம் தமிழ்நாட்டுச் சோளக்காட்டையும் பிடித்தது. அதற்கு முன்னால் மக்காச்சோளம் போட்டவர்கள் "விதைச்சுட்டு மறந்துருவோம்" என்பார்கள். இப்போது அப்படி முடியாது.

காலையில் டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள். முதலில் இலையில் பச்சை சுரண்டப்பட்டு, கண்ணாடித்தாள் மாதிரி வெள்ளைத் திட்டு தெரியும். அது குட்டிப்புழு. இரண்டு மூன்று நாள் கழித்து இலை விரியும்போது குறுக்கே வரிசையாக ஓட்டை. குருத்துக்குள் பார்த்தால் ஈர மரத்தூள் மாதிரிக் கழிவு அடைத்திருக்கும். அதை ஈர்க்குச்சியால் விலக்கினால் உள்ளே ஒருத்தன் சுருண்டு கிடப்பான். தலையில் தலைகீழ் ஒய் எழுத்து மாதிரி வெள்ளைக் கோடு, வால்பக்கம் சதுரமாக நாலு கரும்புள்ளி. அந்த நாலு புள்ளி இருந்தால் சந்தேகமே வேண்டாம். ஒரு குருத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு பெரிய புழுதான் இருக்கும், மற்றதை அதுவே தின்றிருக்கும்.

மூணு சென்ட்டின் பெரிய வசதி, எண்ணூறு செடியையும் கையால் பார்க்கலாம். இரண்டு நாளுக்கு ஒரு தடவை நடந்தால் அரை மணி நேரம். இலையில் பஞ்சு போர்த்தினாற்போல முட்டைக் குவியல் கண்டால் நசுக்குங்கள், ஒரு குவியலில் நூறு இருநூறு முட்டை இருக்கும். புழு உள்ளே போன குருத்தில் காய்ந்த மணல் ஒரு சிட்டிகை போடுங்கள். எனக்கு இரண்டு வருடம் இதுவே போதுமாக இருந்தது.

கை மீறினால், பத்துச் செடியில் இரண்டில் புழு என்றால், முதலில் வேப்பெண்ணெய் சார்ந்த அசாடிராக்டின் 1500 பிபிஎம், லிட்டருக்கு 5 மில்லி. அதிலும் அடங்காவிட்டால் எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்ஜி, லிட்டருக்கு 0.4 கிராம். பத்து லிட்டர் டேங்கில் 4 கிராம். மூணு சென்ட்டுக்கு ஒரு டேங்க்கூட முழுசாக வேண்டாம். வெயில் சாய்ந்த பிறகு, முகம் மூடிக்கொண்டு, நாசிலைக் குருத்துக்கு நேரே பிடித்து அடியுங்கள். இலை மேல் அடிப்பது வீண், புழு உள்ளே இருக்கிறது. இனிப்புச் சோளத்தில் பூ வந்த பிறகு மருந்தே வேண்டாம், பிள்ளைகள் தின்னப்போகிற பொருள்.

களையும் மண் அணைப்பும்

பதினைந்தாம் நாளிலிருந்து நாற்பத்தைந்தாம் நாள் வரை களையை வளரவிடக்கூடாது. அதற்கப்புறம் சோளமே நிழல் கட்டிக் களையை அமுக்கிவிடும். இரண்டு களை வெட்டினால் போதும்.

இருபத்தைந்தாம் நாள் களை வெட்டிய கையோடு யூரியா ஒன்றே முக்கால் கிலோ. செடியிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்து, மம்முட்டியால் பாரை உடைத்து மண் அணைத்து, தண்ணீர் விடுங்கள். இப்போது செடி பாரின் நடுவில் வந்துவிடும். இந்த மண் அணைப்பைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள். தண்டின் கீழ்க் கணுவிலிருந்து ஊன்றுகோல் மாதிரி வேர் இறங்கும், அது மண்ணைப் பிடித்தால்தான் கணவாய்க் காற்றில் செடி நிற்கும். நாற்பத்தைந்தாம் நாள் இன்னொரு கிலோ யூரியா.

அடி இலையின் நுனியிலிருந்து நடு நரம்பு வழியாக வி வடிவத்தில் மஞ்சள் இறங்கினால் தழைச்சத்துக் குறைவு. இலை ஓரம் மட்டும் கருகினால் சாம்பல் சத்து. சின்னச் செடியில் ஊதா நிறம் ஓடினால் மணிச்சத்து. இந்த மூன்றும் தெரிந்தால் உரக்கடையில் உங்களை யாரும் ஏமாற்ற முடியாது.

பூக்கிற பத்து நாள்

ஐம்பதாம் நாளை ஒட்டி உச்சியில் ஆண் பூ விரியும். இரண்டு மூன்று நாள் கழித்து, இடுப்பு உயரத்தில் இலைக்கக்கத்தில் இருக்கிற கருதின் நுனியிலிருந்து பட்டு இழைகள் வெளியே வரும். அந்த இழை ஒவ்வொன்றும் ஒரு மணி. ஒரு இழையின் நுனியில் மகரந்தம் விழுந்து, அது இழை வழியாக உள்ளே போய்ச் சேர்ந்தால் ஒரு மணி பிடிக்கும். விழாவிட்டால் அந்த இடம் பொக்கை. கருதின் அடிப்பக்கத்து இழை முதலில் வரும், நுனிப்பக்கத்து இழை கடைசியில் வரும். நுனியில் மட்டும் இரண்டு அங்குலம் மணி இல்லாமல் இருப்பது அதனால்தான், அதற்குள் மகரந்தம் தீர்ந்துபோயிருக்கும்.

என் வேலியோர வரிசை ஏன் தோற்றது என்று இப்போது புரிந்திருக்கும். மகரந்தத்தைத் தூக்கிக்கொண்டு போவது தேனீ இல்லை, காற்று. ஒரு வரிசை என்றால் காற்று எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிடும். சதுரத்தில் ஒரு செடியின் தூள் அடுத்த செடியின் கருதில் விழும்.

இந்தப் பத்து நாள் மண் காயவே கூடாது. செடி வாடினால் இழை வருவது தள்ளிப்போகும், தூள் உதிர்வது தள்ளிப்போகாது. இரண்டும் ஒன்றை ஒன்று பார்க்காமலே முடிந்துவிடும். முன்னே பின்னே எட்டு நாளுக்கு ஒரு தண்ணீர் விட்டிருந்தால் இப்போது நாலு நாளுக்கு ஒன்று. ஊருக்குப் போகவேண்டிய கல்யாணம் இந்த வாரத்தில் வந்தால் மோட்டார் போட ஆள் சொல்லிவிட்டுப் போங்கள்.

காலை ஒன்பது, பத்து மணிக்குப் பனி காய்ந்ததும் ஒவ்வொரு தண்டையும் பிடித்து லேசாக உலுக்குங்கள். கையிலும் சட்டையிலும் மஞ்சள் மாவு கொட்டும். நாலைந்து நாள் இப்படிச் செய்தால் ஓரத்துச் செடிகூட நன்றாகப் பிடிக்கும். ஒரு வாரம் கழித்து ஒரு கருதைத் தோகையோடு அறுத்து, தோகையைப் பொறுமையாகப் பிரித்து, கருதை நிமிர்த்திப் பிடித்து ஆட்டுங்கள். மணி பிடித்த இழை தானாக உதிரும். பிடிக்காதது ஒட்டிக்கொண்டே இருக்கும். எத்தனை பங்கு தேறியது என்று அன்றைக்கே தெரிந்துவிடும். அப்படியே மணி வரிசையை எண்ணிப் பாருங்கள்: 12, 14, 16 என்று இரட்டைப்படையாகத்தான் இருக்கும். என் மகள் ஒற்றைப்படைக் கருது தேடியே ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கழித்தாள்.

பன்றி

பால் பிடிக்கிற வாசனை காட்டுப்பன்றிக்கு எப்படித்தான் தெரியுமோ. ஒரு கூட்டம் வந்தால் மூணு சென்ட் ஒரு மணி நேர வேலை. சேலை வேலி, முடி, பினாயில் எல்லாவற்றுக்கும் நாலு நாளைக்குத்தான் பயப்படும். தகரமோ கம்பி வலையோ இடுப்பு உயரத்துக்கு, அடியில் இடைவெளி இல்லாமல் கட்டினால் ஓரளவு நிற்கும். வீட்டுக் கரண்டை வேலியில் கொடுக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். சட்டப்படி குற்றம், பன்றிக்கு வைத்ததில் மனுசன் சாவான். மலையடிவாரத்தில் பன்றி நடமாட்டம் அதிகமாக இருந்தால், வீட்டை ஒட்டி, நாய் கட்டிய பக்கம் சோளம் போடுங்கள். கிளிக்கும் அணிலுக்கும் பழைய பேப்பர் பையைக் கருதில் மாட்டினால் போதும், இழை கருகிய பிறகு மாட்டுங்கள்.

பறிப்பது

இனிப்புச் சோளத்துக்கு நாள் கணக்கு: இழை வெளியே வந்ததிலிருந்து 18 முதல் 22 நாள். இழை பழுப்பாகிக் காய்ந்திருக்கும், தோகை பச்சையாகவே இருக்கும். நுனியில் தோகையைக் கொஞ்சம் விலக்கி, நகத்தால் ஒரு மணியைக் குத்துங்கள். தெளிந்த தண்ணீர் வந்தால் நாலு நாள் பொறுக்கவேண்டும். பால் மாதிரி வந்தால் இன்றைக்கே. மாவு மாதிரி வந்தால் தாமதம். விடியற்காலையில் பறியுங்கள், அன்றைக்கே அவியுங்கள், நேரம் ஆக ஆகச் சர்க்கரை மாவாகிக்கொண்டிருக்கும். எண்ணூறு செடியும் ஒரே வாரத்தில் வந்து நிற்கும் என்பதால் இனிப்புச் சோளம் மட்டும் ஒரே நாளில் விதைக்காமல், ஆறு பாராகப் பத்து நாள் இடைவெளியில் விதைப்பது புத்திசாலித்தனம். இனிப்புச் சோளத்தைச் சதுரமாகப் போட்ட முதல் தடவை நான் ஊரெல்லாம் கொடுத்தும் மீந்தது.

தீனிச் சோளத்துக்குத் தோகை வைக்கோல் நிறமாகி, மணி நகம் இறங்காத அளவு கெட்டியாக வேண்டும். ஒரு மணியைப் பெயர்த்து அடியைப் பாருங்கள், கறுப்புப் புள்ளி விழுந்திருந்தால் முற்றிவிட்டது. கருதை ஒடித்து, தோகை உரித்து, நாலைந்து நாள் வெயிலில் போட்டு, பிறகு உதிர்த்து மறுபடி காயவையுங்கள். பல்லில் கடித்தால் 'டக்'கென்று உடையவேண்டும். ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும், அதிலிருந்து வருகிற நஞ்சு கோழியைக் கொல்லும், மாட்டையும் கெடுக்கும். எல்லாம் சரியாக நடந்தால் சென்ட்டுக்கு 25 கிலோ மணி. முதல் தடவையில் 15 வந்தாலே நல்ல விளைச்சல். விற்பதைப் பற்றி யோசிக்காதீர்கள், இந்த அளவுக்கு வண்டி வாடகைகூடத் தேறாது.

நல்ல பெரிய கருதாகப் பார்த்து விதைக்கு எடுத்து வைக்கும் ஆசை வரும். வீரிய ஒட்டு ரகத்தில் அது வேண்டாம், அடுத்த தடவை நெட்டையும் குட்டையுமாக வரும்.

இனிப்புச் சோளத் தட்டு பச்சையாக இருக்கும்போதே வெட்டி மாட்டுக்குப் போடுங்கள், விரும்பித் தின்னும். வேரை அப்படியே விடாமல் கொத்திப் போடுங்கள். அதே இடத்தில் அடுத்தும் மக்காச்சோளம் வேண்டாம், உளுந்து தூவுங்கள். கொத்துகிற அன்றைக்குக் காலையில் கோழிகளுக்குத் தீனி வைக்காமல் கூட்டைத் திறந்துவிடுங்கள். படைப்புழுவின் கூடு இரண்டு மூன்று அங்குல ஆழத்தில், பழுப்பு நிறத்தில் பேரீச்சங்கொட்டை மாதிரிப் பளபளவென்று கிடக்கும். கோழிகள் மம்முட்டிக்குப் பின்னாலேயே வந்து பொறுக்கும்.